அனுப்பு பட்டன்

உலக மக்கள் அனைவரின் மேலான கவனத்துக்கும்: ஐம்பத்துமூன்று வயது இணையதள வடிவமைப்பாளர் ஒருவர், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தம் தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்கத் தீர்மானித்துவிட்டார். இந்தச் செய்தி வெளியானதும் பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

காரணம், மேலாளர். "உங்க அனுபவத்தை ரொம்ப மதிக்கிறோம் சார்" என்றாராம். நாற்காலியைப் பிடுங்குவதற்குமுன் சொல்கிற வாக்கியம் அது என்பது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். நம்மவருக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற பழைய டேபிள் முறை. தலைப்புக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் கட்டம். கற்றுக்கொள்ளச் சொல்லி மேலாளர் நாற்பது வீடியோ அனுப்பிவைத்தார். விடுப்பும் கொடுத்தார், கேட்காமலேயே.

பழகிப் பார்க்க ஒரு பழைய பக்கம் வேண்டும். தம்முடைய சொந்த சைட்டையே எடுத்துக்கொண்டார். அவருடைய புகைப்படம், அவருடைய சாதனைகள், கீழே 'எனக்கு எழுத' என்று ஒரு ஃபார்ம்.

அந்த ஃபார்முக்கு ஒரு வரலாறு உண்டு. ஏழு வருடத்துக்கு முன்னால், ஏதோ வாக்குவாதத்தில், மகள் இரண்டு பைகளோடு வாசலில் நின்றபோது, "இனிமே பேசணும்னா முறையா எழுது. சைட்ல ஃபார்ம் இருக்கு" என்றார். மகளை வழியனுப்ப ஃபார்மைக் காட்டிய தகப்பன் வேறு யாராவது இருந்தால் நமக்குத் தெரியப்படுத்தலாம். அவள் எழுதவில்லை. இவரும் கூப்பிடவில்லை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவினால் போதும் என்றாகிவிட்டது.

எட்டாவது வீடியோ, பக்கத்தைப் போனில் திறந்து பார்க்கச் சொன்னது. தம் பக்கத்தை அதுவரை அவர் போனில் திறந்ததே இல்லை. திறந்தார். 'அனுப்பு' பட்டனைக் காணோம். வலது ஓரத்தில் இருந்த அது திரைக்கு வெளியே போய்விட்டது. பக்கம் இப்படி அப்படி ஆடினால் அழகு கெடும் என்று பக்கவாட்டில் நகர்த்த முடியாமல் பூட்டிவைத்தவரும் அவரேதான்.

உடனே தங்கையைக் கூப்பிட்டார்.

"பட்டன் தெரியல. அதான் அவ எழுதல."

"எந்தப் பட்டன் அண்ணா?"

"அனுப்புற பட்டன். போன்ல வெட்டிப்போயிருக்கு. பாவம், எத்தனை தடவை எழுதிட்டு அனுப்ப முடியாம உட்கார்ந்திருந்தாளோ."

"அவ நம்பர் அனுப்புறேன். நீயே கூப்பிட்டுக் கேளு."

"முதல்ல சைட் ரெடியாகட்டும்."

"ஏழு வருஷமா ரெடின்னு சொன்னதும் இதே சைட்தான்." நம்பர் வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

மூன்று வாரம், பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். கட்டங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். புது முறையில் எல்லாமே கட்டம் இல்லை; தலைப்புக்குத் தலைப்பு என்றே பெயர், ஃபார்முக்கு ஃபார்ம் என்றே பெயர். நிறமும் அளவும் தனிக் கோப்பில். போனுக்கென்று நான்கு வரி நிரல் எழுதியதும், பட்டன் சமர்த்தாகப் போனின் நடுவில் வந்து உட்கார்ந்தது. முகத்தைக்கூடக் கழுவாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டன்மீதுதான் எல்லாக் குற்றமும். மகள்மீது இல்லை, தம்மீதும் இல்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார்.

நான்கு நாள் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"யாரெல்லாம் வந்து பார்த்தாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் தங்கை. "பெரிய டிசைனர்னு சொல்லிக்கிற."

தெரியும். வருகைப் பதிவு முதல் நாளிலிருந்து சேர்ந்துகொண்டேதான் இருந்தது. பார்க்கத்தான் இல்லை. அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தார். தேடுபொறிகள் வந்து துழாவிவிட்டுப் போனதையெல்லாம் கழித்தார். மிச்சத்தை இரண்டு முறை சரிபார்த்தார்.

ஏழு வருடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தவை ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். இரண்டும் அவர் மேஜைமேல் இருந்தன.