முப்பத்தேழு கைநாட்டு

ரேகைக்காரர் என்றதும் ஜோசியம் சொல்கிறவர் என்று நினைத்துக் கையை நீட்டுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. "எனக்கு எப்ப சார் கல்யாணம் ஆகும்?" என்று கேட்பார்கள். "உங்க கை இதுவரைக்கும் எங்கெங்க பட்டுதுன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்பார் அவர். நீட்டிய கை உடனே மடங்கிவிடும்.

போலீஸ் கைரேகைப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். ஜன்னல் கண்ணாடியில் பதிந்த அரை விரலை வைத்து முழு ஆளை உள்ளே தள்ளியவர். மற்றவர்கள் 'தெளிவில்லை' என்று எழுதிக் கைகழுவின ரேகையெல்லாம் கடைசியில் இவர் மேஜைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவர், ஓய்வுபெற்று வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நில விசாரணைக் கமிஷன் கூப்பிட்டு அனுப்பியது.

விஷயம் இதுதான். மலையடிவாரம் முழுக்க ஒரு காலத்தில் மலைக்காரர்களுடையது. நூற்றுப்பத்து வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரை ஒருவன் வந்தான், காட்டை வெட்டினான், தோட்டம் போட்டான். நிலம் எப்படியப்பா உனக்கு வந்தது என்றால், அவர்களே மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள் என்று ஒரு பத்திரத்தைக் காட்டினான். முப்பத்தேழு குடும்பத் தலைவர்கள், முப்பத்தேழு கைநாட்டு. பிறகு துரை போனான், அவன் கொடியும் போனது. இன்றைக்கு நம்மவர்களே அந்தத் தோட்டத்துக்கு முதலாளிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திரம் மட்டும் அதேதான்.

மலைக்காரர்கள் நாலு தலைமுறையாக நாலு வழக்குப் போட்டார்கள். "அன்னைக்கு எங்க ஆளுங்க ஒருத்தர்கூட வரல. ஊருக்குள்ள அம்மை வந்து எல்லாரும் மேல ஏறிட்டாங்க" என்று நாலு தடவையும் ஒரே பேச்சு. நாலு தடவையும், கதை விடாதே, போ என்று துரத்தினார்கள். இதில் ஒரு கூத்து என்னவென்றால், கோர்ட்டுக்கு வந்ததெல்லாம் நகல். நகலில் 'கைநாட்டு' என்று எழுத்துத்தான் இருக்கும், விரல் இருக்காது. மூலப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்க ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. மலைக்காரன் பேச்சுக்காக யார் எழுந்து போய் அலமாரியைத் திறப்பது?

இந்தத் தடவை கமிஷன் திறக்கச் சொன்னது. பத்திரத்தைக் கண்ணாடித் தாள் உறையில் போட்டு, ஆவணக் காப்பகத்து ஜன்னலோர மேஜையில் ரேகைக்காரர் முன்னால் வைத்தார்கள்.

பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே அவருக்கு உறைத்துவிட்டது. முதல் கைநாட்டு நல்ல கருப்பு. இரண்டாவது கொஞ்சம் மங்கல். மூன்றாவது இன்னும் மங்கல். நான்காவது வெறும் நிழல். ஐந்தாவது மறுபடியும் நல்ல கருப்பு. ஆளுக்கு ஒரு தடவை விரலை மையில் தொட்டிருந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இது ஒரு தடவை மை தொட்டு, நாலு பேருக்காக வைத்த வேலை.

கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நடுவில் ஒரு சுழி. சுழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பழைய வெட்டுத் தழும்பு. முதல் ஆளுக்கும் அதே, மூன்றாவது ஆளுக்கும் அதே, முப்பதாவது ஆளுக்கும் அதே. அடப்பாவி! ஆரம்பத்தில் விரலைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் உருட்டி, ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டப் பார்த்திருக்கிறான். இருபது தாண்டியதும் அலுத்துப்போய் ஏனோதானோவென்று குத்தித் தள்ளியிருக்கிறான். ரேகைக்காரர் சிரித்தேவிட்டார். "மாட்டினியா மவனே" என்று வாய்விட்டுச் சொன்னார். காப்பகத்து ஊழியர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்போடுதான் பத்திரத்தின் அடிக்கு வந்தார். 'மேற்படி நபர்களுக்கு அவர்கள் பாஷையில் வாசித்துக் காட்டி, அவர்கள் சம்மதித்து வைத்த கைநாட்டுகள் இவை' என்று எழுதி, மொழிபெயர்த்த துபாஷி கையெழுத்துப் போட்டிருந்தார். பதிவு அலுவலக வழக்கப்படி, கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் விரலும் இருந்தது. அதே சுழி. அதே தழும்பு.

கையெழுத்தை அவர் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த கையெழுத்து. அவர் வீட்டுக் கூடத்தில், கொள்ளுத்தாத்தா போட்டோவுக்கு அடியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

'துபாஷி வீடு' என்றுதான் அந்த வீட்டுக்குப் பெயர். தெருவுக்குப் புதிதாக வருகிறவனுக்குக்கூட அதை வைத்துத்தான் வழி சொல்வார்கள். எட்டு பாஷை பேசினாராம், துரையே எழுந்து நின்று கை கொடுப்பானாம், மலைக்காரர்கள் அவரைத் தெய்வமாகப் பார்த்தார்களாம். அடேயப்பா, என்ன பெருமை, என்ன பெருமை! ரேகைக்காரரும் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் அளந்தவர்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் போனபின் தம்பியோடு வந்துவிட்டவள். வீட்டுச் சாவியும் வீட்டுப் பெருமையும் அவள் இடுப்பில்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

அவர் சொன்னார். அக்கா முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாராவது கிளப்பி விட்டிருப்பாங்க."

"யாரும் கிளப்பல. நானே பாத்தேன்."

"பாத்ததையெல்லாம் சொல்லணுமா? முப்பது வருஷம் கேஸ் விஷயம்னா கூடப் பொறந்தவகிட்டகூட வாயைத் திறக்க மாட்ட. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"அக்கா, இந்த வீடு..."

"இந்த வீட்டுக்கு என்ன? துரை சந்தோஷப்பட்டுக் குடுத்த இடம்."

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எதுக்குச் சந்தோஷப்பட்டான்னு இப்பதான் தெரியுது" என்றார் அவர்.

"போதும்டா. செத்தவரைச் சந்திக்கு இழுக்காத. மானம் கப்பலேறிடும். என் பேரப்பிள்ளைங்க இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

அக்கா சொன்னாள், தம்பி கேட்டார் என்று முடித்துவிடலாம். அது வெறும் சப்பைக்கட்டு. யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர் வீட்டுக்கே வந்தார். மறுநாள் காலை அறிக்கையை எழுதினார்: 'மை பரவியிருப்பதாலும் தாள் பழுத்திருப்பதாலும் ரேகைகள் ஒப்பிடும் அளவுக்குத் தெளிவாக இல்லை.' எழுதும்போது கை நடுங்கியிருந்தாலாவது மனசுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். நடுங்கவில்லை. அச்சடித்த மாதிரி வந்தது எழுத்து.

விசாரணை நாளன்று அறிக்கையைக் கொடுத்துவிட்டு, பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடும்வரை பத்திரம் அவர் பொறுப்பு. அப்போது பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு பெண், தோளில் பையோடு விறுவிறுவென்று வந்து பக்கத்தில் நின்றாள். நாற்பது வயதிருக்கும். மலைக்காரர்கள் தரப்பில் பேச வந்தவள்.

"சார், ரேகை பாக்கறவர் நீங்கதானே? ரெண்டு மணி பஸ்ல எனக்கு டூட்டி, அதான் அப்படியே வந்துட்டேன். உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"எதுக்கும்மா?"

"இத்தனை வருஷத்துல அந்தக் காகிதத்தை யாருமே கண்ணால பாக்கல சார். நீங்க ஒரு நாள் முழுக்க உக்காந்து பாத்தீங்களாம். என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் கேக்கல, கேக்கவும் கூடாது. நீங்க பாத்தீங்களே, அதுவே பெரிசு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. குனிந்து உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஆசை சார். தப்பா நினைக்காதீங்க. எட்டாவது பேர் எங்க கொள்ளுத்தாத்தா. எங்களுக்கு அவர் போட்டோகூடக் கிடையாது, ஒண்ணுமே கிடையாது. அவர் அன்னைக்கு வரலைன்னுதான் எங்க வீட்ல சொல்வாங்க. ஆனா ஒருவேளை... ஒருவேளை வந்திருந்தா, அது அவர் விரல்தானே? ஒரு தடவை பாத்துக்கறேனே."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என்னமோ ஒரு சாக்குச் சொல்லி எழுந்து போயிருக்க வேண்டும். அவருக்கு வாய் வரவில்லை. அவள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் மடிமீது குனிந்தாள். எட்டாவது பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். மங்கலான கைநாட்டு, நாலில் நாலாவதாக வைத்தது. கண்ணாடித் தாளின் மேலேயே அதன்மீது தன் கட்டைவிரலை மெதுவாக வைத்தாள். ஒரு குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி வைத்தாள்.

"எங்க அம்மா விரல் மாதிரியே இருக்கு சார்" என்றாள். "பாருங்க, நடுவுல சுழி. எனக்கும் அப்படியே இருக்கு."

விரலைத் திருப்பி அவர் முகத்துக்கு முன் காட்டினாள். அவளுக்குச் சுழியே இல்லை. சாதாரண வளைவு. பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். தன் வீட்டுத் திருட்டு விரலை இவள் கும்பிடாத குறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறாளே என்று உடம்பெல்லாம் கூசியது.

"அது உங்க தாத்தா இல்லம்மா."

"என்ன சார்?"

"முப்பத்தேழும் ஒரே விரல். எல்லாத்தையும் ஒரே ஆள்தான் வச்சிருக்கார். துபாஷி." மூச்சை இழுத்துக்கொண்டார். "எங்க கொள்ளுத்தாத்தா."

அவள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக எடுத்தாள். எடுத்துச் சீருடைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் ஒரு தடவை துடைத்தாள்.

"இதைத்தான் எழுதியிருக்கீங்களா?"

"இல்ல. தெளிவில்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சார் சொல்றீங்க? எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. நாங்க நாலு தடவை சொல்லிட்டோம். எங்க வாயால வந்தா அது கதை. உள்ள வந்து சொல்லுங்க."

உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அறிக்கையைப் படித்துவிட்டு, "தெளிவில்லைங்கிறீங்க. அவ்வளவுதானே?" என்றார். தோட்டத்து வக்கீல் தலையை ஆட்டிக்கொண்டே காகிதங்களைக் கட்டத் தொடங்கியிருந்தார்.

ரேகைக்காரர் எழுந்து நின்றார். "தெளிவா இருக்கு ஐயா. அந்த அறிக்கை பொய்" என்றார். மையின் கணக்கைச் சொன்னார். சுழியைச் சொன்னார், தழும்பைச் சொன்னார். அது யாருடைய விரல் என்று வக்கீல் எகிறிக் குதித்துக் கேட்டபோது அதையும் சொன்னார்.

பிறகு தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொந்தக் குடும்பத்து விஷயத்தை இப்படி வெளியில சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும்" என்றார். பின்வரிசையில் ஒருவர் கைதட்டக்கூடப் பார்த்தார்.

"வேணாங்கய்யா" என்றார் ரேகைக்காரர். "காலையில வரைக்கும் மறைச்சவன் நான். இந்த அம்மா வராம இருந்திருந்தா மறைச்சபடியேதான் வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த முதல் அறிக்கையையும் ஃபைல்ல வையுங்க. யாரும் கிழிச்சுடக் கூடாது."

அவர் சொன்னதைத் தலைவர் குறித்துக்கொண்டார். புது அறிக்கையை அங்கேயே எழுதித் தரச் சொன்னார். "முப்பத்தேழு பேருக்கும் சேர்த்து ஒரே வரியில எழுதினா போதும்" என்றார்.

கண்டக்டரம்மா எழுந்தாள். பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும் குரல் அது. "ஐயா, நிலத்தை எடுக்கும்போது ஒவ்வொரு பேரா எழுதித்தானே எடுத்தாங்க? ஒவ்வொண்ணா எழுதட்டும். வரலைன்னு எழுதட்டும். அதைத்தானே நாங்க சொல்லிக்கிட்டே இருந்தோம்."

ஓரத்து மேஜையில் ரேகைக்காரர் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்று பெயர்களைப் படித்தாள். ஒன்று, வரவில்லை. இரண்டு, வரவில்லை. எட்டாவது பெயரைப் படிக்கும்போது மட்டும் அவள் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தாள். அவர் எழுதினார். சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அவளுடைய பஸ்ஸில் வேறு யாரோ கண்டக்டராக ஏறிப் போயிருக்க வேண்டும். அவள் கடிகாரத்தின் பக்கமே திரும்பவில்லை. முப்பத்தேழாவது பெயருக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டு அவர் பேனாவை மூடப் போனார்.

"கீழ இன்னொரு விரல் இருக்கே சார். அதுக்கு?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிரும் தைரியம் இல்லை. பேனாவைத் திறந்து, துபாஷி என்று போடாமல், கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயரையும் எழுதினார். அதற்கு நேரே எழுதினார்: வந்திருந்தார்.