ஊரெல்லாம் வெட்டச் சொன்ன மரம்

இவாமி வாத்தியார் இலையை நீட்டியதுமே மினெகோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகள். திருப்பினால் அடியில் பூனை மீசை போல மயிர்க்கொத்து. பேரி மரத்துக்கு வரும் துரு நோய். புழுவென்றால் நசுக்கிவிடலாம், அசுவினியென்றால் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டலாம். இது அப்படிப் போகிற சனியன் இல்லை. குளிர்காலத்தை ஜுனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் கழித்துவிட்டு, ஏப்ரல் மழைக்குப் பின் காற்றில் ஏறிப் பேரி இலைக்கு வந்து சேரும்.

அதனால்தான் தொத்தோரி மாகாணத்தின் அந்தப் பேரிக்காய் ஊரில் ஜுனிப்பர் வளர்க்கக் கூடாதென்று கட்டுப்பாடு. பத்து வருடத்துக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தின் சார்பில் வீடு வீடாகப் போய் ஜுனிப்பர் வேலிகளை வெட்ட வைத்தவளே மினெகோதான். வாத்தியாரின் மனைவி சாவதற்கு முன் நட்ட வேலியும் அதில் போயிற்று. மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேலி போன இடத்தில்தான் பிற்பாடு இந்த மூன்று பேரிக் கன்றுகளை வைத்தார்.

"மூணு வருஷமா இதே கதைதாம்மா. நடுக்கன்னு இந்தத் தடவை தாங்காது. எங்கயோ ஒரு மரம் தப்பி நிக்குது, கொஞ்சம் பாரு" என்றார்.

ஜூன் மாதப் புழுக்கத்தில் மூன்று நாள் அலைந்தாள். கோயில் கொல்லை, பள்ளிக்கூடம், மயானம், ஒன்று விடவில்லை. ஐம்பத்தொன்பது வயது முழங்கால் கெஞ்சியதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாகப் படுத்திருக்கும் கணவர் தெத்சுரோவுக்குக் கஞ்சி கொடுத்தாள். பிறகு அவருடைய போன்சாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். கட்டிலில் கிடந்தபடி அதைப் பார்க்கத்தான் கண்ணாடிக் கதவை நோக்கிக் கட்டில் போட்டிருந்தது. நாற்பது வருடம் கம்பி கட்டி வளைத்த ஜுனிப்பர். தரையில் நிற்பதைத்தான் ஊரில் மரம் என்று எண்ணுவார்கள். தொட்டியில் இருப்பது வீட்டுச் சாமான். மினெகோவும் அப்படித்தான் எண்ணியிருந்தாள். தினமும் தண்ணீர் ஊற்றினாளே தவிர, ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். கிளைகளில் பழுப்பாகக் காய்ந்த துரு நோய்ப் பொருக்குகள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே வந்ததும் தெத்சுரோவே குழறலாகச் சொன்னார்.

"வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி நான்தான் அந்தப் பொருக்கச் சாமணத்தால எடுத்துப் போடுவேன். கை போனப்புறம் முடியல."

"வாத்தியார் வேலிய நான் வெட்டச் சொன்னப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. மரத்தை யொனாகோ ஊரில் இருக்கும் தன் தம்பியிடம் அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். அங்கேயும் பேரி உண்டே என்றார். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன, போவது மூன்று கன்றுதானே என்றும் நினைத்தாள். இதையும் எடுத்துவிட்டால் இந்த மனுஷன் நாள் முழுக்க எதைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்?

"இங்கயே வெட்டு, என் கண்ணு முன்னாடி" என்றார் அவர். "எங்கயாவது கொண்டுபோய் வெட்டினா, வெட்டியிருக்க மாட்டேன்னே நெனச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

ரம்பத்தை எடுத்து வந்தாள். தண்டு மணிக்கட்டுப் பருமன்தான், ஆனால் வயதான கட்டை லேசில் விடவில்லை. இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவர் கண்ணை எடுக்கவேயில்லை.

அன்றே போய் வாத்தியாரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கன்றுகளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார் தெத்சுரோ. அவள் ஒருத்தியால் அதை நகர்த்த முடியவில்லை. வேறு ஆள் தோன்றாமல் வாத்தியார் வீட்டுக்கே போய் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திருப்பினார்கள்.