எழுந்திருக்கும் முன் எண்ணியது

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு நாலு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். "முதல்ல உங்களை சர்வீஸ் பண்ணணும்ணே" என்று வாட்ச்மேன் சொன்னபோதுதான் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடம் போனேன். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, உடம்புக்குத்தான் அசைவு போதவில்லை என்றார். அன்று சாயங்காலமே ஜிம்மில் சேர்ந்தேன்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறிய என் மனைவி, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அவள் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். நீ நிதானமா வா" என்று சொல்லித் தொலைப்பேன். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை. போனை வைத்த பிறகு, மடிப்புக் கலையாத அவளுடைய போர்வையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வந்துவிட மாட்டாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

ஜிம் பயிற்சியாளர் என் மகள் வயதுப் பெண்.

"எல்லாருக்கும் ஒரே வேகம் சரிப்படாது அங்கிள். உங்க இதயத்துக்கு எது தோதான எல்லைன்னு கண்டுபிடிக்கணும். காலையில கண்ணு முழிச்சதும், எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்க. ஒரு வாரம் எண்ணிட்டு வாங்க."

எண்ணினேன். சராசரி எண்பத்திரண்டு. அவள் இருநூற்று இருபதில் என் வயது ஐம்பத்து நாலைக் கழித்தாள். வந்ததில் எண்பத்திரண்டைக் கழித்தாள். மிச்சத்தில் அறுபது சதவீதம், எழுபது சதவீதம் என்று எடுத்து, இரண்டோடும் மறுபடி அதே எண்பத்திரண்டைக் கூட்டினாள். எனக்குத் தலை சுற்றியது.

"நூத்தி முப்பத்திரண்டுலேருந்து நூத்தி நாப்பத்தொண்ணு வரைக்கும். இதுக்குள்ள நடந்தா பேசிக்கிட்டே நடக்கலாம்."

பேச்சாவது! மார்பில் கட்டிய பட்டை நூற்று முப்பத்தைந்து காட்டியபோதே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவள் டிரெட்மில்லை நிறுத்தினாள்.

"எங்கயோ இடிக்குதே. காபி குடிச்சுட்டு எண்ணறீங்களா?"

"போட்டுக் கொடுக்க ஆளிருந்தாத்தானே குடிக்கறதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். "படுத்த இடத்தை விட்டு அசையறதே இல்லம்மா. போனை நெஞ்சு மேல வச்சுக்கிட்டு, அதுல நேரம் பார்த்துத்தான் எண்ணறேன்."

"போன் எதுக்கு நெஞ்சு மேல?"

"என் வீட்டுக்காரி அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவா. அங்க ராத்திரி, குழந்தை தூங்கியிருக்கும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், அது ஓய்வுத் துடிப்பே இல்ல! நாளைக்கு ஒரு நாள் போனை ஆஃப் பண்ணி அடுப்படியில வச்சுட்டு எண்ணுங்க."

வைத்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். அறுபத்தாறு! அடிக்காது என்று தெரிந்த போனுக்கு நெஞ்சு காத்திருக்காது போலிருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் என்னவோ போலிருந்தது. அதற்குள் யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா.

"நல்லாத்தானே இருக்கீங்க? உங்க வீட்டுக்காரம்மா போன் மேல போன் போட்டு என்னை எழுப்பிட்டாங்க! முதல்ல அவங்ககிட்ட பேசுங்க."

அடுப்படிக்கு ஓடிப்போய்ப் போனை உயிர்ப்பித்துக் கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? என்னமோ ஏதோன்னு நான் பதறிட்டேன்..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாடி எண்ணியதை, அவள் போனுக்குக் காத்துக்கொண்டே எண்ணியதை, இன்றைக்குப் பதினாறு குறைந்ததை.

மூக்கை உறிஞ்சினாள். "அப்போ நான் கூப்பிடாம இருந்தாத்தான் உங்க உடம்புக்கு நல்லதா?"

ராஜா மாதிரி இருக்கேன் என்பது நுனி நாக்குவரை வந்தது. விழுங்கினேன்.

"இல்லடி. நீ பக்கத்துல படுத்திருந்தா எவ்வளவு அடிக்கும்னு எனக்குத் தெரியல. என்னால முடியல. வந்துடு."

மறுபடி மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றாள். "கணக்கை இப்பவே முடிச்சுட வேண்டாம். நான் வந்ததும் ஒரு தடவை எண்ணணும்."