மத்தியானத்துக்கு முன் மயங்கும் மெசின்

கனடாவில் வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒரு பழைய சீ.என்.சீ. கடைசல் மெசின் இருந்தது. காலையில் இரும்பைக் கரட் போலச் சீவித் தள்ளும். சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் இருக்கையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், திரை இருண்டுவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மாலைவரை ஓடும். கொழும்பில் பிறந்திருந்தால் அதற்கு நல்ல அரசாங்க உத்தியோகம் கிடைத்திருக்கும்.

அதைத் திருத்துவதற்கென்று எடுக்கப்பட்டவன் அன்புராசா. இன்னும் நிரந்தரமாக்கப்படாதவன். இனியும் ஆக்கப்படுவானா என்பது இந்த வெள்ளிக்கிழமையோடு தெரிந்துவிடும். போர்மன் பேனாட் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

“வெள்ளிக்குள் பழுதைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் மிசிசாகாவிலிருந்து ஒரு ஆள் வருவான். அவனுக்கு உன் கதிரை தேவைப்படும்.”

அன்புராசா செய்யாத சோதனை இல்லை. கறண்டின் மூன்று பேஸிலும் வோல்ட் சரியாக வந்தது. பியூஸ்களை மாற்றினான். தளர்ந்த ஆணிகளை இறுக்கினான், தளராதவற்றையும் இறுக்கினான். கறண்ட் எங்காவது கசிந்தால் மெசினை நிறுத்திவிடும் காவல் ரிலே ஒன்று உள்ளே இருந்தது. அதுதான் தினமும் விழுகிறது என்பதுவரை பிடித்துவிட்டான். ஆனால் எங்கே கசிகிறது? மீற்றர் வைத்துப் பார்த்தால் ஒரு வயரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் பக்கத்துத் தொழிற்சாலையின் வெல்டிங்கைச் சந்தேகித்தான். இன்னொரு நாள் வெளியே கொட்டிய ஸ்னோவை. கடைசியில் தன் படிப்பையே.

மெசினை ஓட்டுபவர் தில்லையம்பலம் அண்ணை. அன்புராசாவை இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்றில்தான் அவன் குடியிருந்தான். அவருடைய காரில்தான் வேலைக்கு வந்தான். அவருடைய மனைவி இராஜேஸ்வரி கட்டித்தரும் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டான். இப்படிப்பட்ட மனிதர் மெசின் விழும்போதெல்லாம் செய்த உதவியையும் சொல்லவேண்டும்.

“தம்பி, உது திரும்பவும் விழுந்திட்டுது. நான் மெயின் சுவிட்சை நிப்பாட்டி, கறண்ட் பெட்டிக் கதவையும் திறந்து வைச்சிட்டன். நீ வந்து கஷ்டப்படக் கூடாதெல்லே.”

இப்படி ஒரு ஒப்பரேற்றர் கனடா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார் என்று அன்புராசா நினைத்தான். அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை ஒரு ஸ்பானர் இரவல் வாங்க அந்தப் பக்கம் வந்தான். அண்ணை கழிவறைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ‘டக்’.

அன்புராசா தானே மெயின் சுவிட்சை நிறுத்திப் பெட்டிக் கதவைத் திறந்தான். முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே, எப்போதும் சூடாயிருக்கும் ட்ரான்ஸ்போமரின் தலையில், சாப்பாட்டுப் பெட்டிகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. மேலேயிருந்த பெட்டியின் மூடி நெளிந்து, சொதியின் ஆவி குளிர்ந்த கதவில் முத்து முத்தாகப் பூத்து, வயர்கள் கூடும் இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் அந்த ஈரம் காய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மீற்றர் வைத்தால் ஒன்றும் காட்டாது.

அடியில் ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பா இருந்தது. அதை அன்புராசாவுக்கு நன்றாகத் தெரியும். அது அவனுடைய சாப்பாடு. இந்தக் குளிர்காலம் முழுக்க அண்ணை கையில் தந்த புட்டு ஏன் எப்போதும் சுடச்சுட இருந்தது என்று மின்சாரம் படித்த அவன் ஒருநாளும் யோசிக்கவில்லை.

“ஐயோ, நீ ஏன் திறந்தனீ?” அண்ணை பெல்ட்டைப் பூட்டியபடி ஓடிவந்தார். “நான் எடுத்துப்போட்டெல்லோ உன்னைக் கூப்பிடுறனான்!”

“அண்ணை, இது என்ன வேலை?”

“என்ன வேலையோ? உவன் பேனாட் மைக்றோவேவைத் தூக்கிக்கொண்டு போட்டான். ஒபிசில இருக்கிற கிளடிஸுக்குக் கருவாட்டு மணம் பிடிக்கேல்லையாம். அது கருவாடே இல்லை, திருக்கை! இந்தக் குளிருக்குப் பச்சைத்தண்ணி மாதிரிச் சோறு தின்னேலுமே?”

“என்ர வேலை போகப்போகுது அண்ணை.”

“உன்ர சாப்பாட்டையும் நான்தானே பாத்துப் பாத்துச் சூடாக்கினனான்” என்றார் அண்ணை, உண்மையான மனவருத்தத்தோடு.

பின்னால் பேனாட் வந்து நின்றான். மூக்கை உயர்த்தினான்.

“என்ன மணம் அது?”

“இன்சுலேசன் சூடாகின மணம்” என்றான் அன்புராசா.

“இருபது வருசமாக எரிந்த இன்சுலேசனை மணந்திருக்கிறேன். ஒருநாளும் வாய் ஊறியதில்லை. தள்ளு.”

பேனாட் எட்டிப் பார்த்தான். கோபுரத்தைப் பார்த்தான். சொட்டிய ஈரத்தைப் பார்த்தான்.

“இதெல்லாம் யாருடையது?”

அன்புராசா யோசித்தான். வேலை போனால் இன்னொன்று தேடலாம். அண்ணையைக் காட்டிக்கொடுத்தால் தேடப்போகக் காரும் இருக்காது, திரும்பிவர வீடும் இருக்காது. பொய் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

“அந்த ஐஸ்கிறீம் டப்பா என்னுடையது” என்றான். “மற்றவை, நீ மைக்றோவேவை எடுத்ததும் குளிர்ச்சோறு சாப்பிட முடியாமல் போனவர்களுடையவை. மெசின் விழத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். பழுது உள்ளே இல்லை, பேனாட். பழுது சாப்பாட்டறையில். முதலாளிக்கு அப்படியே எழுதித் தரட்டுமா?”

பேனாட்டின் முகத்திலும் ஒரு ரிலே விழுந்தது. முதலாளி கேட்பார்: மைக்றோவேவை எடுத்தது யார்? மெசின் நின்றுபோன நேரத்தின் கணக்கை யார் தலையில் எழுதுவது?

“ஈரப்பதம்” என்றான் கடைசியில். “பழைய மெசின், குளிர்காலம், ஈரப்பதம். அப்படி எழுது. அதைக் கண்டுபிடித்தவன் நீ. திங்கட்கிழமை கிளடிஸிடம் போ, உன்னை நிரந்தரமாக்கும் பேப்பர் இருக்கும்.”

“மைக்றோவேவ்?”

“அதுவும் இருக்கும். ஜன்னலுக்குக் கிட்ட.”

திங்கட்கிழமை நிரந்தர ஊழியன் அன்புராசா செய்த முதல் வேலை, கறண்ட் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. மெசின் மத்தியானத்தைத் தாண்டி ஓடியது. சாப்பாட்டறையில் மைக்றோவேவ் சுழன்றது. எல்லோரும் சந்தோசம். அண்ணை மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார்.

“ஓரமெல்லாம் கொதிக்குது, நடு பச்சையாக் கிடக்கு. ட்ரான்ஸ்போமரில வைச்சா ஆறுதலா, அடிவரைக்கும் சூடேறும். உந்தப் பெட்டிக்கு என்ன தெரியும் சமையலைப் பற்றி?”

“இனிச் சரிவராது அண்ணை. நான் இப்ப நிரந்தரம்.”

மறுநாள் காலை அன்புராசா கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கையில் அண்ணை பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, அந்தச் சாவியை ஒருக்காத் தாவன்.”

“என்னத்துக்கு?”

“மெசினில ஒரு சத்தம் கேக்குது. பாக்கோணும்.”

அன்புராசா நிமிர்ந்து பார்த்தான். அண்ணையின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“மற்றக் கையைக் காட்டுங்கோ.”

“கை நோகுது” என்றார் அண்ணை.