பி.டி.ஓ. போட்ட கிரேக்கம்

"தமிழ்ல எழுதிட்டா அது கிரேக்கமாயிடுமாய்யா? மலை ஆளுங்களுக்கு இது போதும்னா, அவுங்களுக்கு கிரேக்கமே எதுக்கு?"

ஆபீஸ் ரூமுக்குள்ள மார்ட்டின் சார் எகிறிக்கினு இருந்தாரு. வெளிய நின்ன மார்கரெட்டுக்கு எல்லாம் கேட்டுச்சி. கிரேக்கம் சொல்லிக்குடுக்க அவங்க தமிழ்ல கையால எழுதுன நோட்டப் பத்திதான் பேச்சு. "கொஞ்சம் பொறுமையா பேசுங்க சார்"னு பிரின்ஸ்பால் தைரியநாதன் கெஞ்சறதும் கேட்டுச்சி.

கள்ளக்குறிச்சிக்கு வெளிய இருக்கற சின்ன வேதப் பள்ளிக்கூடம் அது. ஊழியத்துக்குப் படிக்கறவங்க, புதிய ஏற்பாட்ட மூலத்துலயே படிக்கறதுக்காக, ரெண்டு வருஷம் பழைய கிரேக்கம் படிக்கணும். அதச் சொல்லிக்குடுக்கறது இவங்க ரெண்டு பேருதான். மார்ட்டின் சாருக்கு தடி இங்கிலீஷ் இலக்கணப் புத்தகமும், அதப் பாத்து அவரு எழுதி ஜெராக்ஸ் போட்ட அட்டவணையும் போதும். மனப்பாடம் பண்ணா முடிஞ்சிது. மார்கரெட் மொத நாளே ஒரு வரியக் குடுத்து படிக்கச் சொல்வாங்க. இலக்கணம் அப்பறம், அதுவும் தமிழ்ல. வர்ற வருஷம் ஒரே புத்தகம்தான்னு கமிட்டி சொல்லிடுச்சி. மார்ட்டின் சாரோடது வந்தா மார்கரெட் வகுப்புல இருக்கற, இங்கிலீஷ் தெரியாத மலை ஆளுங்க அஞ்சி பேரும் மூட்ட கட்டிக்கினு போவ வேண்டியதுதான்.

ரெண்டு வகுப்பையும் கூப்பிட்டு சோதிச்சாங்க. மார்ட்டின் சார் பசங்க எழுந்து நின்னு ஒரு வினைச்சொல்லோட அட்டவணைய ஒரே மூச்சுல பாடுனாங்க.

"லூவோ, லூஎய்ஸ், லூஎய், லூவோமென், பி.டி.ஓ., லூஎடெ, லூவூசி."

மார்கரெட் நிமிந்து பாத்தாங்க. ஜெராக்ஸு பக்கத்துக்கு அடியில, மறுபக்கம் திருப்புன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்த பி.டி.ஓ.வையும் சேத்து மனப்பாடம் பண்ணியிருக்குதுங்க. யாரும் சிரிக்கல. பிரின்ஸ்பாலும் ஒருகாலத்துல மார்ட்டின் சார்கிட்ட படிச்சவருதான். கண்ண மூடிக்கினு அவரும் கூடவே முணுமுணுத்தாரு. பி.டி.ஓ.வும் வந்துச்சி அவரு வாயில.

அப்பறம் மார்கரெட் வகுப்புலேர்ந்து இருசப்பன். நாப்பது வயசு, வெள்ளிமலைப் பக்கம், மரவள்ளிக் கெழங்கு புடுங்கற கூலி. பிரின்ஸ்பால் கிரேக்க வேதத்தத் தொறந்து ஒரு வரியக் காட்டுனாரு. ஏழு வார்த்த. இருசப்பன் வெரல வெச்சி, ஒண்ணொண்ணா எழுத்துக் கூட்டி, அஞ்சிக்கு அர்த்தம் சொன்னாரு.

"இந்த ரெண்டும் தெரியலீங்க."

"தெரியலன்னு சொல்றதுக்கா ஒரு வருஷம் படிச்ச?"ன்னாரு மார்ட்டின் சார். அதுக்கு மட்டும் எல்லாரும் சிரிச்சாங்க.

அங்கயே முடிஞ்சிபோச்சி, மார்ட்டின் சார் புத்தகம்தான். தீர்மான நோட்டுல மார்கரெட்டையும் கையெழுத்து போடச் சொன்னாங்க. மார்ட்டின் சார் பசங்களுக்கும் ஒரு வரி காட்டி அர்த்தம் கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம். வேல போயிடுமோன்னு பயந்துக்கினு கையெழுத்து போட்டுட்டாங்க. வூட்டுக்கு வந்து கைய ரெண்டு வாட்டி சோப்பு போட்டு கழுவுனாங்க. அருவருப்பு போவல.

ஜூன்ல மலையிலேர்ந்து நாலு பேரு வரல. இருசப்பன் மட்டும் வந்து மார்ட்டின் சார் வகுப்புல கடைசி பெஞ்சில உக்காந்தாரு. ஒருநாள் வராண்டாவுல போவசொல்ல மார்கரெட் ஜன்னல் வழியா பாத்தாங்க. எல்லாரோடயும் சேந்து அவரும் பி.டி.ஓ.ன்னு கத்திக்கினு இருந்தாரு. ஆனா மடியில கிரேக்க வேதம் தொறந்து கெடந்துச்சி. வெரலு மெதுவா ஒரு வரி மேல ஊந்து போயி, ஒரு வார்த்தையில நின்னுச்சி.

கிரேக்கம் சொல்லிக் குடுக்கறவங்க, படிச்சவங்க யாராச்சும் இதப் படிச்சீங்கன்னா, எந்தப் புத்தகத்த வெச்சி, எப்பிடி ஆரம்பிச்சீங்கன்னு கீழ எழுதுங்க. தமிழ்ல எதுனா இருந்தா கண்டிப்பா சொல்லுங்க.