தேவசேனாவுக்கு ஒரு சாய்தளம்

வீல்சேரில் உட்கார்ந்தபடியே சாலையைக் குறுக்காகக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற மினி லாரியின் கேரட் மூட்டைகளுக்குள் தலையைக் கொடுத்தவன் அட்டுவம்பட்டியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யாரும் தள்ளிவிடவில்லை. முழுக்க முழுக்க சொந்த முயற்சி.

என் பேக்கரிக்கு வாசலில் மூன்று படி. கேக்குக்கு ஐசிங் போட வந்த தேவசேனாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வில்பட்டி அக்கா வீட்டிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வருவாள். கடையிலேயே வைத்திருக்கும் வீல்சேருக்குக் கையை ஊன்றி மாறிக்கொள்வாள். அதற்குப் பிறகு அந்த மூன்று படிக்கு, நானும் அடுப்பு மாஸ்டர் மாயனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கல்யாண வீட்டுப் பாத்திரம் தூக்குகிற மாதிரி அவளைச் சேரோடு தூக்கி வைப்போம்.

இது சரியில்லை என்று எனக்கே ஒருநாள் உறைத்தது. கொத்தனாரை வரவழைத்து சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டேன். தேவசேனாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிற அவசரத்தில் இருப்பவனுக்குக் கேட்க ஏது நேரம்? இடம் குறைவாக இருந்ததால் சரிவு கொஞ்சம் தூக்கலாக அமைந்துவிட்டது. மலையில் எதுதான் சரிவாக இல்லை என்று கொத்தனார் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சிமெண்ட் காய்ந்த அன்று, அவள் வருவதற்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவள் சேரில் ஏறி உட்கார்ந்தேன்.

"வேணாம் மொதலாளி, மொதல்ல பிரேக்கப் பாத்து வச்சுக்கங்க" என்று மாயன் சொல்லி முடிப்பதற்குள் கடை எனக்குப் பின்னால் போய்விட்டது.

"ஏலே மாயா, பிரேக்கு எங்கடா கெடக்கு?" என்று நான் கத்தியது நடுரோட்டிலிருந்து கேட்டதாகப் பிறகு சொன்னான்.

மூட்டை பிரிந்து கேரட் என் மடியில் கொட்டிக்கொண்டிருந்தபோது தேவசேனாவின் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, லைசென்ஸ் எடுத்துட்டீங்களா?"

சேரின் முன்சக்கரம் வளைந்திருந்தது. சைக்கிள் கடைக்காரர் வந்து நிமிர்த்தும்வரை அவளால் ஸ்கூட்டரை விட்டு இறங்க முடியாது. உள்ளே ஒரு பிறந்தநாள் கேக் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் கேக்கை வெளியே கொண்டுவந்து, ஸ்கூட்டரின் முன்னால் ஸ்டூல் போட்டு வைத்தோம். தூறல் ஆரம்பித்தது. நான் குடை பிடித்தேன். அவள் கிரீம் கோனை அழுத்தி ரோஜாப்பூ போட்டாள். சுற்றுலா வேன் ஒன்று நின்று, உள்ளே இருந்தவர்கள் எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சேரை எடுத்தது அவள் காலையே எடுத்த மாதிரி என்பது குடை பிடித்துக் கை கடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மன்னிப்பும் கேட்டேன்.

"விடுங்கண்ணே, பூவுக்கு இந்த வெளிச்சந்தான் நல்லாருக்கு" என்றாள்.

மறுநாள் காலை, "அண்ணே, இந்த மாசத்தோட நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். அவள் வருவதற்கு முன் எங்கள் கடையில் கேக்கின்மேல் பெயர் எழுதுகிறவன் நான்தான். என் எழுத்தைப் பார்த்துப் பிறந்தநாள் குழந்தைகள் அழுதிருக்கின்றன. இப்போது கொடைக்கானலிலிருந்தே ஆட்கள் தேடி வருகிறார்கள். அதைவிட, அவள் இருக்கும்போது கடைக்கு ஒரு களை இருந்தது.

"ஏம்மா?"

"சினிமால கூப்பிட்டுருக்காங்க."

அவளிடம் நேராக ஒரு பதில் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. வாடிக்கையாளர்கள் உச்சுக்கொட்டி "காலுக்கு என்னாச்சும்மா?" என்று கேட்பார்கள். ஒருவரிடம் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன் என்பாள். இன்னொருவரிடம் சர்க்கஸில் இருந்தேன் என்பாள். ஒரு மதுரை அம்மாவிடம், காட்டெருமையோடு மல்லுக்கட்டியதில் ஆனது என்று சொல்லி, "அதுக்கும் நல்ல அடிங்க, இப்ப அது நொண்டித்தான் நடக்குது" என்று முடித்தாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடுதலாக ஒரு பிளம் கேக் வாங்கினார்.

"அந்தக் காட்டுமாட்ட வரச்சொல்லி ஒரு கேக்கு குடுப்போம் மொதலாளி" என்றான் மாயன்.

அவள் வேலையை விடுவதற்குக் காரணம் என் சாய்தளம்தான் என்று நானாக முடிவுகட்டினேன். போட்டதை உடைத்தேன். இந்த முறை செல்போனில் அளவு பார்த்து, சுவரை ஒட்டி நீளமாக, ஒரு திருப்பம் வைத்து, பிடித்துக்கொள்ளக் கம்பியோடு கட்ட வைத்தேன். என் மனைவி வைத்திருந்த பூந்தொட்டிகள் அத்தனையும் மொட்டைமாடிக்குப் போயின. அதற்கு வீட்டில் எனக்கு விழுந்த திட்டு தனிக்கதை.

தேவசேனா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, யாரும் தொடாமல் மேலே ஏறினாள். திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"சூப்பர்ண்ணே. இனிமே என்னைய அண்டா மாதிரி தூக்க வேணாம்."

"அப்ப வேலைய விடுறது?"

"அது விடுறதுதாண்ணே."

ஐசிங் மேஜையின் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தேன். அலமாரியில் கோன்களும் கலர் டப்பாக்களும் அவள் கைக்கு எட்டுகிற தட்டுக்கு இறங்கின. ஒவ்வொன்றுக்கும் மனதார நன்றி சொன்னாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மாசக் கடைசியை ஞாபகப்படுத்தினாள்.

"கல்யாணம் எதும் கூடியிருக்கா?"

"ஆமாண்ணே. மாப்பிள்ள மன்னவனூர். செம்மறியாடு."

மாயனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "ஏலே, அந்தப் புள்ளைக்கு இங்க என்னதான்டா கொற?"

"என்னயக் கேட்டா? சேரு அவுகளுது, சோலி அவுகளுது. அவுககிட்டக் கேளுங்க."

"கேட்டா ஆட்டக் கட்டிக்கப் போறேங்குறா."

"நீங்க சிரிச்சுக்கிட்டே கேக்குறீக. அவுகளும் சிரிச்சுக்கிட்டே சொல்றாக."

நடுவில் மூன்று நாள் அவள் வரவில்லை. அவள் அக்கா போன் செய்தாள். காய்ச்சல், சிறுநீரில் கிருமி, தண்ணீரே குடிப்பதில்லை என்று டாக்டர் சத்தம் போட்டாராம். நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறாராம்.

இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு உற்சாகம் பொங்கியது. குளிரில் யாருக்குத்தான் தண்ணீர் இறங்கும்? கடைவீதிக்குப் போய் இருப்பதிலேயே பெரிய ஃபிளாஸ்க் ஒன்று வாங்கினேன். அவள் திரும்பி வந்த அன்று சீரகம் போட்ட வெந்நீரை நிரப்பி மேஜைமேல் வைத்தேன். பதினோரு மணிக்குப் பார்த்தேன்; மூடி திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு மடக்கு குடித்து மாத்திரையை விழுங்கினாள். அவ்வளவுதான். முகம் வெளுத்துக் கிடந்தது.

சாயங்காலம் மஞ்சு இறங்கி ரோடு மறைந்து, கடையில் ஆளில்லை. ஃபிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் இருந்த கனம் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அபூர்வமாக வருவதால் சரியாகக் கோபப்படக்கூடத் தெரியவில்லை.

"ஏம்மா, டாக்டர் சொன்னது காதுல விழலையா? குடிச்சா என்ன?"

"குடிச்சாப் போதை ஏறிரும்ண்ணே."

எப்போதும் இந்த இடத்தில் நானும் சிரிப்பேன். அன்று சிரிக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"தேவசேனா, நீ வேலைய விட்டாலும் பரவால்ல. ஒடம்பக் கெடுத்துக்காத. எதுக்காகப் போறேன்னு மட்டும் நேரா சொல்லிரு. நான் எதும் தப்பா நெனைக்க மாட்டேன்."

கோனின் நுனியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அடுத்த காட்டெருமைக்காக நான் காத்திருந்தேன். மாயன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"உங்க கடை பாத்ரூம் எங்க இருக்குண்ணே?"

"பின்னாடி."

"எத்தன படி எறங்கணும்?"

விரலை மடக்கி எண்ணப் பார்த்தேன். அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்காகிறது.

"உங்களுக்குத் தெரியாது. முட்டி வலி, குத்தவச்சு ஒக்கார முடியாதுன்னு நீங்க வீட்டுக்கு ஓடிர்றீங்க. மாயண்ணன் பின்னாடி போயிட்டு வந்துர்றாரு. நான் எங்க போவேன்? ரெண்டு படி எறங்கணும். அந்தக் கதவுக்குள்ள என் சேரு நுழையாது. நுழைஞ்சாலும் ஒக்கார உள்ள ஒண்ணுமில்ல. காலைல அக்கா வீட்ல போறது, மறுபடி ராத்திரி அக்கா வீட்லதான். அதான் குடிக்கிறதில்ல. அதான் காய்ச்சல். இத எப்படி ஒரு ஆம்பளைகிட்ட வந்து சொல்றதுன்னு தெரியல, அதான் நின்னுக்கிறேன்னேன். எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குண்ணே. போகணும்னு ஆசையே இல்ல. அந்த ரெண்டு படியும் அந்தக் கதவுந்தான். வேற ஒண்ணுமே இல்ல."