அழகாய்ப் போன முகம்

டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலை, ஓல்கெரின் முகத்தை நான்தான் தீட்டியாக வேண்டும் என்று ஆயிற்று. குவாயாகில் நகரத்தில், முடிகிற வருடத்துக்காக வீட்டுக்கு வீடு ஒரு பொம்மை செய்து நள்ளிரவில் கொளுத்துவோம். மற்றவர்கள் அரசியல்வாதிகளைச் செய்வார்கள். ஓவியரான என் கணவர் ஓல்கெர், கல்யாணமான இருபத்திரண்டு வருடமும் தன்னையே செய்தார்: தொப்பை பிதுங்கும் மணப்பெண்ணாக, உரித்த கோழியாக, ஒளிவட்டத்துக்குப் பதில் கழிப்பறை மூடி மாட்டிய புனிதராக. எரியப்போகிற படத்தில் மட்டுமே தனக்குப் பொய் சொல்ல வராது என்பார். ஒன்றைக்கூட மிச்சம் வைத்ததில்லை.

கடைசிப் பொம்மையைப் படுக்கையில் இருந்தபடியே காகிதக்கூழில் செய்தார். முதுகுப்புறம் திறந்த ஆஸ்பத்திரி அங்கி, பூசணிக்காய்ப் பிட்டம், மூக்கில் குழாய். "ஸோய்லா, என்னைப் பாத்து ஒருத்தன்கூட பாவம்னு சொல்லிடக் கூடாது. தெரு சிரிக்கணும்" என்றார். முகம் மட்டும் தீட்டாமல் வெள்ளையாகவே நின்றுவிட்டது. நவம்பரில் போய்விட்டார்.

பத்து மணிக்கே அவருடைய கூட்டாளி சிக்ஸ்தோ வந்துவிட்டான். கறுப்புப் பாவாடை, பொய்க்கூந்தல், மார்புக்கு இரண்டு பப்பாளி. பொம்மைக்கு விதவையாக வேடம் கட்டி, ஒப்பாரி வைத்துக் கார்களை மறித்துக் காசு கேட்கும் ஆண்களில் அவன் கைதேர்ந்தவன். மற்ற நாளில் பஸ் ஓட்டுகிறான்.

"இன்னும் தீட்டலியா அண்ணி? புருஷன் மூஞ்சி இல்லாம நான் யாருக்கு அழுவேன்?"

"நீயே தீட்டேன்."

"அவன் மூஞ்சிய கிட்டத்துல பாத்தது நீங்கதான். நல்லா அசிங்கமா போடுங்க. இல்லேன்னா எந்திரிச்சு வந்து திட்டுவான்."

மாறுகண் போட்டேன். அது என்னைத் தேடுவது போலிருந்தது. விழிகளை நடுவுக்கு நகர்த்தினேன். நாக்கைத் தொங்கவிட்டேன், தண்ணீர் கேட்டது. அழித்தேன். மூக்கின் மருவைக்கூடச் சின்னதாகத்தான் வைக்க முடிந்தது.

சிக்ஸ்தோ நெடுநேரம் பார்த்தான்.

"யாரு அண்ணி இது? பாங்க் மேனேஜரா?"

"எனக்கு வரல சிக்ஸ்தோ."

அவன் பொம்மையைத் தூக்கிப்போய் நடைபாதை நாற்காலியில் உட்காரவைத்தான். ஒரு காரை மறித்துத் தொடங்கினான்: "ஐயோ என் ராசா! பின்பக்கம் துணியில்லாமப் போறியே, சாமிகிட்ட எந்தப் பக்கத்தக் காட்டுவே!" அடுத்த வரிக்குத் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தான். கண்மை வழிய, நிஜமாகவே அழுதான். காரிலிருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். "என்னமா நடிக்கிறான்யா!" சமையல் மேலங்கியோடு வாசலில் நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் சிரித்தது சிக்ஸ்தோவைப் பார்த்து. பொம்மையைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல், தெருத்தெருவாகப் பொம்மை பார்க்க வந்த ஒருவர் தன் மகளோடு அதன் முன் நின்றார்.

"யாருப்பா இது?"

"தெரியலடா. யாரோ நல்ல மனுஷன். பாவம்."

தொப்பியைக் கழற்றினார். சிறுமி ஐஸ்கிரீமை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பிசுபிசுத்த விரல்களால் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.